பெட்டியக்கா பேச்சை நிறுத்திய கதை

பல்லி, பூனை, கம்ப்யூட்டர் எல்லாம் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய அந்தக் காலத்தில், ஒரு நூல் மில் ஆபீஸில் பெட்டியக்கா என்றொரு கம்ப்யூட்டர் இருந்தாள். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் முதலில் உரக்கப் படித்து, "ஓ, இதுதானா சங்கதி!" என்று அர்த்தம் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுவாள். புரியாத எதையும் அவள் ஓட்டியதே இல்லை.

புரோகிராம் எழுதும் தில்லைநாயகிக்கு அவளை விட்டால் வேறு பேச்சுத்துணை கிடையாது. அந்த அரட்டைக்காகவே லீவு போடாமல் வேலைக்கு வருவாள் என்றால் பாருங்களேன்!

ஆயுதபூஜை நெருங்கியது. பெட்டியக்கா அலுத்துக்கொண்டாள். "வருஷா வருஷம் சந்தனம், குங்குமம், பொரிகடலை. நான் எதிர்பார்க்காதது ஒண்ணாவது உண்டாடி? நீ எழுதற புரோகிராமும்தான் படிச்ச உடனே தெரிஞ்சுபோகுதே!"

தில்லைக்குச் சுருக்கென்றது. பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதினாள். எழுத்தும் புள்ளியும் அடைப்புக்குறியுமாக, தாளில் பார்த்தால் தோகை மடக்கிய மயில். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று அவளைத் தவிர ஒருவருக்கும் புரியாது. ஆனால் ஒரு புள்ளிகூடப் பிசகில்லை.

பெட்டியக்கா மூன்று முறை படித்துப் பார்த்தாள். "என்னடி கண்றாவி இது? ஒண்ணுமே விளங்கலையே!"

"என்மேல நம்பிக்கை இருந்தா ஓட்டுக்கா."

நம்பி ஓட்டினாள். திரை முழுக்கத் தோகை விரித்து மயில் ஆடியது! ஆபீஸே கைதட்டியது. சுவர்ப் பல்லி வாயிலிருந்த பூச்சியைத் தவறவிட்டது.

"ஐயோ, என்ன அழகு!" என்று கூவிய பெட்டியக்கா சட்டென்று நிறுத்தினாள். "தில்லை... இதை நானா செஞ்சேன்?"

"நீயேதாங்கா!"

"என்ன செய்யறேன்னே தெரியாமயா? அப்போ நாளைக்கு எவனாவது விபரீதமா ஏதாவது இப்படி எழுதிக் கொடுத்தா, அதையும் செய்வேனாடி?"

தில்லைக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை அவள் யோசிக்கவே இல்லை. செய்யமாட்டாய் என்று பொய் சொல்லவும் நா எழவில்லை.

"அப்புறம் நான் படிச்சு அர்த்தம் சொல்றது எதுக்குடி?" என்றாள் பெட்டியக்கா. அவ்வளவுதான், அவள் பேச்சு நின்றது. "அக்கா! அக்கா!" என்று தில்லை கத்தினாள், திரையைத் தட்டினாள், எல்லோர் முன்னாலும் அழுதாள். மறுநாள் கொடுத்த புரோகிராமைப் பெட்டி படிக்கவுமில்லை, அர்த்தம் சொல்லவுமில்லை. பேசாமல் ஓட்டிவிட்டது.

அன்று முதல்தான் கம்ப்யூட்டர் கொடுத்ததை எல்லாம் மூச்சுவிடாமல் செய்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்களில் சிலர் யாருக்குமே புரியாதபடி, தாளில் மீன் போலவும் யானை போலவும் தெரிய, சுற்றிச் சுற்றி எழுதிக் கொடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அன்று முதல்தான், பெட்டியக்கா மறுபடி வாயைத் திறந்து ஒரு திட்டாவது திட்டிவிடமாட்டாளா என்று.