மயில்கழுத்து நூல்

"டீச்சர், எப்சிபா பின்னின சாக்ஸை மடியில போட்டுக்கிட்டு அவ்வளவு நேரம் பாக்குறீங்க. என்னோடதைக் கொடுத்தா 'ம்'னு சொல்லித் திருப்பிக் கொடுத்துடுறீங்க. ஏன்?"

கேட்டவள் சௌந்தரவல்லி. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

திலகவதி டீச்சர் மேஜை மேலிருந்த டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"டீ ஆறுது, வல்லிம்மா."

அவ்வளவுதான் பதில்.

டீச்சருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. வல்லி அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் கோத்தகிரியில் ஒரு பேக்கரி நடத்தினார். சனிக்கிழமை மதியம் பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் பின்னல் சொல்லிக்கொடுப்பார். சந்தேகம் கேட்டால் ஊசியை வாங்கிப் பின்னிக் காட்டுவார். சில சமயம், பின்னியதை உருவிப் பிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். வாயைத் திறப்பது அபூர்வம்.

வல்லி அந்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

அவள் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள். குளிருக்காக ஸ்வெட்டர் பின்னப் பழகி, சாக்ஸில் போய் மாட்டிக்கொண்டவள். சாக்ஸ் கைக்கு அடக்கம். பஸ்ஸில் பின்னலாம், பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது பின்னலாம். ஒரு கல்யாணத்தில் அட்சதை போடக் கையைத் தூக்கியபோது விரலிடுக்கில் ஊசி இருந்தது.

வீட்டில் நூல் இல்லாத இடம் கிடையாது. பீரோவில் நூல், கட்டிலுக்கு அடியில் நூல், அரிசி டிரம்முக்கு மேல் நூல். அவள் கணவர் குலசேகரன் நாற்காலியில் உட்காரும் முன் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வார், ஊசி கிடக்கிறதா என்று.

அந்தக் கூடத்தில் அவளுக்கு என்று ஓர் இடம் இருந்தது. ஜன்னல் ஓரம். புதிதாகச் சேர்கிறவர்களிடம், "சாக்ஸுக்குக் குதிகால் திருப்பத் தெரியலையா, வல்லிம்மாகிட்ட கேளு" என்பார்கள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு எப்சிபா வந்தாள்.

கட்டபெட்டிலிருந்து வருகிறவள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயது இருக்கும். ராத்திரி டியூட்டி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் சில சனிக்கிழமைகளில் நேராக வந்துவிடுவாள். வந்த புதிதில் ஊசி பிடிக்கவே தெரியாது. முதல் குதிகாலை வல்லிதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் எல்லாரும் எப்சிபாவைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள்.

அவள் பின்னிக்கொண்டிருந்தது மயில்கழுத்து நிறத்தில் ஒரு சாக்ஸ். பக்கவாட்டில் ஒரு கொடி. கொடியில் இலைகள். சொந்தமாக யோசித்துப் போட்டது. பார்க்கிறவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், போனில் படம் எடுத்தார்கள். டீச்சர் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பேக்கரியில் ஆள் கூப்பிடுவதுகூடக் காதில் விழாமல் பார்த்தார்.

வல்லி வீட்டுக்குப் போய் அதே கொடியைப் பின்னிப் பார்த்தாள். கண்ணி பிசகவில்லை. இலை இலையாக வந்தது.

ஆனால் எப்சிபாவின் இலைகள் காற்றில் கிடந்தன. இவளுடையவை இஸ்திரி போட்ட மாதிரி இருந்தன.

பிரித்தாள். மறுபடி பின்னினாள். மறுபடி பிரித்தாள்.

"தூங்கலையா?" என்றார் குலசேகரன்.

"அந்தப் பொண்ணு வந்து எத்தனை மாசம் ஆகுது? எனக்கு எத்தனை வருஷம்?"

அவருக்கு எந்தப் பெண் என்று தெரியவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை எப்சிபாவின் முதல் சாக்ஸ் முடிந்து, இரண்டாவது சாக்ஸ் குதிகால் வரை வந்திருந்தது. அவள் பையில் கைவிட்டுத் துழாவினாள்.

"நூல் பத்தாது போல இருக்கு. இன்னும் ஒரு உருண்டை வேணும். வர்ற புதன்கிழமை லீவு. குன்னூர் போய் வாங்கிட்டு வந்துடுவேன்."

யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. வல்லி காதில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வல்லி குன்னூர் போனாள். பஜாரில் அந்த உல்லன் கடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரர் அலமாரியிலிருந்து மயில்கழுத்து உருண்டைகளை எடுத்துப் போட்டார்.

"இவ்வளவுதாம்மா இருக்கு. அடுத்த லாட் வந்தா கலர் லேசா மாறும். உங்களுக்கு எத்தனை வேணும்?"

"எல்லாத்தையும் கொடுங்க."

திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டபெட்டு நிறுத்தத்தில் பஸ் நின்றபோது மட்டும் பையைக் காலுக்கு அடியில் தள்ளினாள்.

வீட்டில் குலசேகரன் பையை எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

"உனக்கு இந்தக் கலர் பிடிக்காதே."

அவள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அன்றைக்கு அவள் ஒரு வரிசைகூடப் பின்னவில்லை.

சனிக்கிழமை வந்தது.

எப்சிபா கண் சிவந்து வந்தாள். டியூட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்று வல்லிக்குப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டாவது சாக்ஸ் விரல்கள் தொடங்கும் இடத்தில் நின்றிருந்தது. நுனி இல்லை.

"கடையில மொத்தமா தீந்துபோச்சாம்" என்றாள் எப்சிபா. "யார்கிட்டயாவது இந்தக் கலர்ல மிச்சம் மீதி இருக்குமா? தம்பி செவ்வாய்க்கிழமை கிளம்புறான்."

"தம்பியா?" என்றாள் ஒருத்தி.

"ஜெபராஜ். மிலிட்டரியில இருக்கான். இந்தத் தடவை லடாக்ல போஸ்டிங். அவனுக்குத்தான் போட்டுட்டு இருக்கேன்."

எல்லாரும் தங்கள் பைகளைக் கிளறினார்கள். நீலம் இருந்தது, பச்சை இருந்தது. மயில்கழுத்து இல்லை.

எப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"வல்லிம்மா, உங்ககிட்ட இல்லாத நூலே கிடையாது. கொஞ்சமா இருந்தாலும் போதும்."

இப்போது சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் எடுத்து வர அரை மணி நேரம் ஆகாது. யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இல்லையேம்மா" என்றாள் வல்லி.

டீச்சர் ஊசியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

"பரவால்ல" என்றாள் எப்சிபா. பையிலிருந்து சாம்பல் நிற உருண்டை ஒன்றை எடுத்தாள். இரண்டாவது சாக்ஸின் நுனியைச் சாம்பலில் பின்னி முடித்தாள். முடிந்துபோன முதல் சாக்ஸின் நுனியையும் பிரித்து, அதற்கும் சாம்பல் நுனி போட்டாள். சாயங்காலம் ஆகிவிட்டது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

இரண்டையும் ஜோடியாக மேஜையில் வைத்தாள்.

"முன்னாடி இருந்ததைவிட இதுதான் எடுப்பா இருக்கு" என்றார்கள்.

நூலைப் பறித்தாலும் எப்சிபாவுக்குத்தான் அழகு கூடுகிறது என்று நினைத்தாள் வல்லி. டீச்சர் சாக்ஸைக் கையில் எடுத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"டீச்சர், அந்த நூல் என்கிட்ட இருக்கு."

டீச்சர் டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவ வாங்கிடக் கூடாதுன்னு கடையில இருந்ததை மொத்தமா அள்ளிட்டு வந்தேன். தம்பிக்குன்னு தெரியாது. தெரிஞ்ச பிறகும் இல்லன்னேன்."

டீச்சர் திரும்பவில்லை.

"திட்டுங்க டீச்சர்."

டீச்சர் வந்து எதிரே உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த சாக்ஸ் எப்படி இருக்கும்? சொல்லுங்க."

"நீங்கதான் இவ்வளவு நேரம் கையில வச்சிருந்தீங்களே."

"சொல்லுங்க."

வல்லிக்குக் கோபம் வந்தது. கோபத்திலேயே ஆரம்பித்தாள்.

"மேல்பட்டை சாதாரணமாத்தான் இருக்கும். கொடி அதுக்குக் கீழே நேரா கிளம்பி, கணுக்கால்கிட்ட சுண்டுவிரல் பக்கமா சாயும். இன்னொரு காலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். அஞ்சாவது இலைக்குப் பக்கத்துல ஒரு கண்ணியைத் தப்பா முறுக்கிட்டா. பிரிக்கல. அதையே இலைக்கு நரம்பா ஆக்கிட்டா. அதுக்கப்புறம் எல்லா இலையிலயும் அந்த நரம்பை வேணும்னே போட்டா."

மூச்சு வாங்கினாள். நிறுத்த முடியவில்லை.

"பின்னல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. டியூட்டி முடிச்சு தூங்காம வர்ற அன்னைக்குக் கை இறுக்கமா இருக்கும். அந்த வரிசையெல்லாம் நெருக்கமா விழும். தடவிப் பார்த்தா தெரியும். குதிகாலுக்கு மேல ஒரு நாலஞ்சு வரிசை இருக்கு. அது ரொம்ப இறுக்கம். அன்னைக்கு அவ யார்கிட்டயும் பேசல. தூங்கி எழுந்து வர்ற நாள்ல இலை அகலமா விரியும்."

வெளியே பேக்கரியில் யாரோ பன் கேட்டார்கள். டீச்சர் அசையவில்லை.

"இப்ப உங்க ஊசியில என்ன இருக்கு?" என்றார்.

"சாக்ஸ்."

"என்ன கலர்?"

வல்லி வாயைத் திறந்தாள். சிவப்பு என்று சொல்ல நினைத்தாள். சிவப்பு போன மாதம். அது முடிந்ததா, பாதியில் நிற்கிறதா? கை தானாகப் பையைத் திறக்கப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"ராத்திரி டியூட்டி வரிசை எனக்குத் தெரியாது, வல்லிம்மா. அவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடல."

வல்லி பையின் வாயை மூடினாள்.

"எப்சிபாவுக்குத் தெரியுமா அது?" என்றார் டீச்சர்.

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

"கட்டபெட்டு பஸ் இன்னும் வரல" என்றார் டீச்சர்.

பஸ் நிறுத்தத்தில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. எப்சிபா சிமெண்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். வல்லி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு இரைத்தது.

"அந்த நூலை வாங்கினது நான்தான்."

எப்சிபாவுக்கு முதலில் புரியவில்லை.

"கடையில இருந்த மயில்கழுத்து நூல். மொத்தத்தையும் நான்தான் வாங்கினேன். வீட்ல இருக்கு."

எப்சிபா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"எனக்குக் குதிகால் சொல்லிக்கொடுத்தது நீங்க. எங்கம்மாகிட்டகூட உங்க பேரைச் சொல்லியிருக்கேன். ஏன் வல்லிம்மா இப்படிப் பண்ணினீங்க?"

வல்லி அவள் பையைப் பார்த்தாள்.

"அந்த சாக்ஸைக் கொஞ்சம் குடு" என்றாள்.

எப்சிபா யோசித்தாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டாவது சாக்ஸை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அதன் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

வல்லி குதிகாலுக்கு மேலே விரலை வைத்தாள்.

"இங்க தொட்டுப் பாரு. இந்த வரிசைங்க நெருக்கமா இருக்கு. நீ தூங்காம வந்து போட்டது. அன்னைக்கு உனக்கு என்னவோ ஆயிருக்கு."

எப்சிபா தொட்டாள். கீழே தடவினாள், மேலே தடவினாள், மறுபடி அங்கேயே வந்தாள்.

"எப்படித் தெரியும்?"

"எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தவிர வேற எதையும் நான் பார்க்கல."

எப்சிபா விரலை எடுக்கவில்லை.

"வார்டுல ஒரு அம்மா இருந்தாங்க" என்றாள். "ரெண்டு மாசமா நான்தான் பார்த்துக்கிட்டேன். அன்னைக்கு விடியக்காலையில போயிட்டாங்க. டியூட்டி மாத்திவிட்டுட்டு நேரா இங்க வந்துட்டேன். வீட்டுக்குப் போனா அழுதுடுவேன்னு தோணுச்சு."

கட்டபெட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்து, ஏறுகிறீர்களா என்று கையை ஆட்டினார். எப்சிபா இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். பஸ் போய்விட்டது.

அவள் பையிலிருந்து முதல் சாக்ஸையும் எடுத்து வல்லியின் மடியில் வைத்தாள்.

"இதுல என்ன தெரியுதுன்னு பாருங்க" என்றாள்.