இரும்பில் இல்லாத வளைவு

வியாகப்பனுக்கு முடிவிலி பிடிக்காது. விடையில் அது தலைகாட்டினால் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நினைக்கிற ஆள். இன்ஜினியர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

படகு கட்டும் தொழிலில் தலை நரைத்த பிறகு, தன்னைவிட வயதில் சிறியவரான கணித ஆசிரியை உலகம்மாளிடம், கற்பனை எண்கள் கலந்த கலப்பெண் கணிதம் படிக்கச் சேர்ந்தவர் அவர். பாடம் கேட்கும்போதுகூட கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் அன்றோடு முடிந்தது. மறுநாள் விடியலில் தூத்துக்குடிப் படகுகள் எல்லாம் ஒன்றாகக் கடலுக்குக் கிளம்பும். வியாகப்பன் வடிவமைத்த முதல் இரும்புப் படகும் அதில் உண்டு. ஓட்டப்போவது அவர் தம்பி சிலுவை. அந்தப் படகின் மேல்தளத்தில், ஐஸ் அறைக்கு இறங்கும் சதுர வாயின் ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது.

வியாகப்பன் உலகம்மாளைக் கையோடு கூட்டி வந்தார். வழியெல்லாம் பேசினார். படகில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை.

“ரெண்டு தடவை வெல்டிங் வச்சு அடைச்சாச்சு மேடம். மறுபடி மறுபடி பிளக்குது. இதை எப்படி மூட?”

“ஏன் பிளக்குதுன்னு கேக்கலியே.”

“அதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்ல மேடம்.”

உலகம்மாள் விரிசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “இந்த வாயச் சுத்தி எங்க எவ்வளவு பாரம் விழும்னு கணக்குப் போட்டீங்கள்லா?”

“நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான். சதுரத்த வட்டமா மாத்திப் போட்டேன்.”

“மூலையில என்ன வந்துச்சு?”

வியாகப்பன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “முடிவிலி.”

“அப்புறம்?”

“இரும்புல ஏது மேடம் முடிவிலி? கற்பனை எண்ணை வச்சுப் போடுத கணக்கு, ஏதோ கோளாறு பண்ணுதுன்னு நெனச்சேன். தொடர்ல முதல் ரெண்டு உறுப்ப மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த விட்டுட்டேன். முடிவிலி போயிட்டு. நல்ல விடை வந்துச்சு.”

அது ஏன் நல்லதாக வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். சதுரத்தை வட்டமாக்கும் அந்தத் தொடர் முடிவில்லாமல் நீளும். பாதியில் வெட்டினால், சதுரத்தின் மூலைகள் தாமாகவே வளைந்துகொள்ளும். வளைந்த மூலை பாரத்தைப் பரப்பிவிடும். கூர்மூலையோ எல்லாவற்றையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும். வியாகப்பன் வளைந்த மூலைக்குக் கணக்குப் போட்டுவிட்டு, இரும்பைக் கூர்மூலையாக வெட்டக் கொடுத்துவிட்டார். நன்றாகப் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

“காகிதத்துல மூலைய வளைச்சிட்டீங்க,” என்றார் உலகம்மாள். “இரும்புல?”

வியாகப்பன் பிளந்த மூலையை விரலால் தடவினார். “இரும்புல... சதுரம்தான்.”

“டிரில் மெஷின் இருக்கா?”

“அடைக்க வழி கேட்டா ஓட்டை போடச் சொல்லுதீங்களே!”

“விரிசலோட நுனியும் கூர்தான். அங்க வட்டமா ஒரு துளை போட்டா மேல ஓடாம நிக்கும். நுனி எங்க?”

வியாகப்பன் சட்டென்று விரல் வைத்துக் காட்டினார். அதே வேகத்தில் டிரில்லையும் எடுத்துவிட்டார். உலகம்மாள் அவர் கையைத் தடுத்து, வெல்டிங் சாமான்களோடு கிடந்த, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை எடுத்துப் பூசினார். பிறகு சாயம் உள்ளே இறங்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். வியாகப்பனால் சும்மா இருக்க முடியவில்லை. தளத்தில் அங்குமிங்கும் நடந்தார், மணி பார்த்தார், மறுபடி நடந்தார்.

சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடித்ததும், விரிசலுக்குள் இறங்கியிருந்த சிவப்பு மெல்ல ஊறி வெளியே வந்தது. அவர் விரல் வைத்த இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரற்கடை ஓடியிருந்தது.

அங்கே துளை போட்டார்கள். வியாகப்பனுக்கு மூச்சு வந்தது. அதற்குள் கரையிலிருந்து சிலுவை குரல் கொடுத்தான்.

“அண்ணே, ஐஸ் ஏத்தட்டுமா? எல்லாப் படகுலயும் ஏத்தியாச்சு!”

“ஒரு நிமிசம் இருலே!” என்று கத்திவிட்டு வியாகப்பன் திரும்பினார். “மேடம், காலைல என் தம்பி இதுல போறான். அந்தக் கணக்குல எதை நம்ப, எதைத் தள்ள? அதை மட்டும் சொல்லிருங்க.”

“எதையும் தள்ள வேண்டாம். முடிவிலி வந்த இடத்துல கணக்கு கைய விரிக்குது. எனக்கு இதுக்கு மேல தெரியாது, நீயே போய்ப் பாருன்னு சொல்லுது. நீங்க போய்ப் பாக்கல.”

“இப்பப் பாத்தாச்சே மேடம். பிளந்த மூலையப் பாத்துட்டோம்லா?”

உலகம்மாள் சாயக் குப்பியை அவர் கையில் கொடுத்தார்.

“முடிவிலி எத்தன மூலையில வந்துச்சு?”

வியாகப்பனின் கால் ஆட்டம் நின்றது. சதுர வாயின் மற்ற மூன்று மூலைகளையும் பார்த்தார். மூன்றும் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் தெரிந்தன.

சாயக் குப்பியைத் திறந்தபடி கரைப் பக்கம் திரும்பினார்.

“சிலுவை, ஐஸ் ஏத்தாதலே.”