மூன்றாம் முறை கேட்ட உள்ளான்

அந்தக் காலத்தில் பறவை, மீன் மட்டுமல்ல, கல்கூடப் பேசும். கடலோரத்துச் சிறு பறவையான உள்ளானுக்கு அப்போது கல்லைத் தொடும் வேலையே கிடையாது. அலை ஒதுக்கிவிட்டுப் போவதைத் தின்னும், வெயில் காயும், குளிர் வந்தால் வடக்கேயிருந்து நம் கோடியக்கரைப் பக்கம் பறந்து வந்துவிடும். சரியான சுகவாசி.

ஒரு வருஷம் அப்படிக் கூட்டத்தோடு கிளம்பிய ஓர் உள்ளான் புயலில் சிக்கி, அயர்லாந்தில் கில்வாரன் என்ற பழைய துறைமுக ஊரில் விழுந்தது. கருங்கல் மதிலும் உச்சி இடிந்த காவல் கோபுரமும் உள்ள ஊர். பாறை இடுக்கில் மயங்கிக் கிடந்ததை நோரீன் என்ற பெண் குனிந்து எடுத்தாள். எடுக்கும்போது பாசி வழுக்கி, கையூன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கல்லைப் புரட்டி, அடியில் இருக்கும் கடல் நத்தையைப் பொறுக்கி விற்றுப் பிழைப்பவள் அவள். மீன்பிடிக்கப் போன புருஷன் வசந்தத்தில்தான் திரும்புவான். இருந்தும் பறவையை மடியில் கட்டிக்கொண்டு போய் அடுப்போரம் வைத்தாள்.

அது கண் விழித்ததும், "ரொட்டி தின்கிறாயா?" என்று கேட்டாள்.

"தின்கிறேன் அக்கா."

நோரீன் சிரித்துவிட்டாள். "முதல் தடவையிலேயே சரி என்கிறாயே! எங்கள் ஊரில் இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாம் தடவைதான் கை நீட்டுவோம்."

இதென்ன ஊர் என்று கேட்காதீர்கள். நம் பந்தியில் மட்டும் என்ன வாழ்கிறது? போதும் போதும் என்று இலையை மறைக்கிறவன்தான் மறுசோறு வாங்குகிறான்.

சிறகு தேறியது. புயலுக்கு ஒதுங்கியிருந்த கூட்டம் கோபுரத்தின் மேலிருந்து கூப்பிட்டது. உள்ளான் கேட்டது: "அக்கா, உனக்கு நான் என்ன செய்யட்டும்?"

நோரீன் கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள். "எனக்கென்ன குறை? ஒன்றும் வேண்டாம். பத்திரமாய்ப் போ."

உள்ளான் வெளியூர்க்காரன் அல்லவா? அடுப்போரம் கேட்டதை மறந்துவிட்டு, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று பறந்துவிட்டது.

துறைமுக வாயிலில் ஒரு கடல்நாய் தலையைத் தூக்கியது. "என்னடா, அதற்குள் கிளம்பிவிட்டாய்?"

"கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் வேண்டாம் என்றாள்."

"எத்தனை தடவை கேட்டாய்?"

"ஒரு தடவை."

"நன்றாய்க் கேட்டாய் போ. உன்னைத் தூக்கப் போய் அவள் கை முறிந்து கிடக்கிறது. கல்லைப் புரட்ட முடியாதவள் குளிர்காலம் முழுக்க எதைத் தின்பாள்?"

கூட்டம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. இப்போது விட்டால் இந்த வருஷம் வெயிலைப் பார்க்க முடியாது. ஆனாலும் திரும்பிவிட்டது.

கரையில் நோரீன் இடக்கையால் ஒரு கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கல் அசையவில்லை.

"அக்கா, நான் என்ன செய்யட்டும்?"

"நீ இன்னும் போகவில்லையா? ஒன்றும் வேண்டாம்பா."

"என்ன செய்யட்டும், சொல்."

அவள் கல்லிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இந்தக் கல்லைக் கொஞ்சம் புரட்டித் தருகிறாயா?"

உள்ளான் அலகைக் கொடுத்து நெம்பியது. "என் அடியில் ஒன்றும் இல்லை" என்றது கல். அதுவும் அந்த ஊர்க் கல்தானே. உள்ளான் மறுபடி நெம்பியது. மறுபடியும் இல்லை என்றது. மூன்றாம் தடவை கல் புரண்டது. அடியில் நத்தைகள் அப்பிக் கிடந்தன.

நோரீனுக்குக் கண் கலங்கியது. "நீ திரும்பி வந்திராவிட்டால் இந்தக் குளிரை நான் தாண்டவே மாட்டேன்."

"நீ எடுக்காவிட்டால் அந்தப் புயலையே நான் தாண்டியிருக்க மாட்டேன் அக்கா."

குளிர்காலம் முழுக்க அது புரட்டியது, அவள் பொறுக்கினாள். வசந்தத்தில் திரும்பிவந்த கூட்டம் அதனிடம் கற்றுக்கொண்டது. இன்றும் கோடியக்கரைக்கு வரும் உள்ளான், கல்லும் சிப்பியும் "ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் நம்பாமல், மறுபடி மறுபடி அலகால் நெம்பிக் கேட்கிறதே, அது அன்று நோரீனிடம் மூன்றாம் தடவை கேட்டது முதல் வந்த பழக்கம்தான்.