சடையன் சொல்லாமல் விட்ட சிட்டிகை

ஆற்றங்கரை மருத மரத்தடியில் பெரியநாயகி என்ற யானை வைத்தியம் பார்த்துவந்தது. காட்டில் எல்லோருக்கும் அது டாக்டரம்மா. அதற்கு உதவியாளாக இருந்தது சடையன் என்ற கீரி. வேர் எது, விதை எது, எதை எவ்வளவு இடிக்க வேண்டும் என்பதெல்லாம் சடையனுக்கு அத்துப்படி. நோயாளி வந்ததும் என்ன ஏது என்று விசாரிப்பது, நாடி பிடித்துப் பார்ப்பது, மருந்தை அளந்து கொடுப்பது, எல்லாமே அதன் வேலைதான். ஆறு மழைக்காலம் இப்படியே ஓடியது. சடையனும் தன்னை முக்கால் டாக்டராக நினைத்துக்கொண்டிருந்தது.

நோயாளிக் கூட்டம் கூடிப்போனதும் டாக்டரம்மா இன்னொரு உதவியாளைச் சேர்த்தது. அது செங்கொண்டை என்ற மரங்கொத்தி. வயதில் சின்னது, பேச்சில் பதவிசு. நோயாளியின் விலாவில் அலகால் மெல்லத் தட்டும், தலையைச் சாய்த்துக் கேட்கும். மரத்துக்குள் புழு நெளிவதையே கேட்கிற காது அல்லவா? சளி இடப்பக்கமா வலப்பக்கமா என்று பிசகாமல் சொல்லிவிடும்.

வந்த நாலே நாளில் எல்லார் வாயிலும் செங்கொண்டைதான். தட்டிப் பார்க்கிற பொண்ணு எங்கே என்று கேட்டுக்கொண்டே காட்டுப்பன்றி வந்தது. உடும்புக்கு ஒரு நோவும் இல்லை. ஆனாலும் ஒரு தடவை தட்டிவிடும்மா என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சடையனுக்கு வயிறு எரிந்தது. ஆறு வருஷமாக ஓடி ஓடி இடித்துக் கொடுத்தவன் யார், நேற்று வந்து டொக்கு டொக்கென்று தட்டுகிறவள் யார் என்று மருந்து இடிக்கும் கல்லோடு சண்டை போட்டது. கல் பாவம், என்ன சொல்லும்?

செங்கொண்டையோ "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே வந்து சந்தேகம் கேட்கும். சடையன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திட்டுவதற்காவது ஏதாவது வழி வைத்திருக்கிறதா இந்தப் பறவை என்று நொந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவில் டாக்டரம்மா ஒருநாள், "செங்கொண்டை வந்தப்புறம் எனக்குப் பாதிப் பாரம் குறைஞ்சுபோச்சு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டது. அப்படியானால் இத்தனை வருஷம் நான்தான் பாரமாக இருந்தேனா என்று சடையன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அந்த மரத்தடியில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை சடையன் முறை. அதற்குப் பிறகு செங்கொண்டை முறை. முறை மாறும்போது, போகிறவர் வருகிறவரை ஒவ்வொரு நோயாளியிடமும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என்ன நோவு, என்ன மருந்து கொடுத்தது, எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதில் மட்டும் டாக்டரம்மா யாருக்கும் சலுகை காட்டாது.

ஒருநாள் விடியும் முன்பே ஆற்றுக்கு மேற்கே காட்டெருமைக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று ஆள் வந்தது. டாக்டரம்மா கிளம்பிப் போய்விட்டது. அது போன பிறகு அல்லி என்ற பெண் மான் வயிறு உப்பி, மூச்சு வாங்க, மரத்தடிக்கு வந்து விழுந்தது. புருஷன் கலைமான் அதை விட்டுவிட்டு அடுத்த காட்டிலிருக்கும் மாமியாருக்குத் தகவல் சொல்ல ஓடியது. இப்படி வயிறு உப்பி வருகிறவர்களுக்கு டாக்டரம்மா இல்லாவிட்டாலும் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாள விதைப் பொடியில் ஒரு சிட்டிகை கொடுக்கலாம் என்று உத்தரவு உண்டு. நாளைக்கு ஒரே ஒரு சிட்டிகைதான். இரண்டு போனால் பேதியே உயிருக்கு ஆபத்தாகிவிடும்; விஷம் தின்றவர்களுக்கு மட்டும் டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்து இரண்டாவதைக் கொடுக்கும். சடையன் ஒரு சிட்டிகையைச் சரியாக அளந்து அல்லியின் நாக்கில் வைத்தது.

உச்சிவேளை ஆனது. அல்லியின் வயிறு இன்னும் வடியவில்லை. செங்கொண்டை வந்து நின்றது. சடையன் அதை ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொண்டே வந்தது. அல்லியிடம் வந்தபோது அதன் புத்தியில் சனி ஏறி உட்கார்ந்தது. டாக்டரம்மா எப்படியும் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். காலையில் இவளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கும். இந்தத் தட்டுகிறவள் திருதிருவென்று முழிப்பாள். எல்லோர் முன்னாலும் ஒரு தடவை மூக்கு உடைபடட்டுமே!

"வயித்து உப்புசம். காலையில வந்தா" என்று மட்டும் சொன்னது சடையன்.

"வயித்து உப்புசம், காலையில வந்தாங்க" என்று திருப்பிச் சொன்னது செங்கொண்டை. பிறகு, "வேற ஏதாவது இருக்கா அண்ணே?" என்று கேட்டது.

"அவ்வளவுதான்."

சடையன் போய் ஒரு புற்றடியில் படுத்தது. மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்படியே கண் அயர்ந்துபோனது.

டாக்டரம்மா வரவில்லை. அல்லியின் முனகல் கூடியது. செங்கொண்டை வயிற்றைத் தட்டிப் பார்த்தது. உத்தரவுப்படி ஒரு சிட்டிகை அளந்தது. இரண்டாவது தடவையாகக் கொடுக்கிறார்களே என்று அல்லிக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் மருத்துவம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாததா என்று வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டது.

திரும்பி வந்த கலைமானின் அலறல் கேட்டுத்தான் சடையன் விழித்தது. ஓடிவந்து பார்த்தால், அல்லி துவண்டு கிடந்தது. கண் செருகியிருந்தது. வயிறு போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் திரும்பியிருந்த டாக்டரம்மா அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தது.

"என்ன கொடுத்தே?" என்று செங்கொண்டையைக் கேட்டது.

"ஒரு சிட்டிகை நேர்வாளம்தாம்மா. சத்தியமா ஒண்ணுதான்."

சின்னப் பெண்ணிடம் விட்டால் இப்படித்தான் என்று காட்டுப்பன்றி முணுமுணுத்தது. நாலு நாளாக முதுகைக் காட்டிய உடும்பும் தலையை ஆட்டியது. செங்கொண்டை தலையைத் தாழ்த்திக்கொண்டு மரத்தோடு ஒண்டியது. இத்தனை நாளாகச் சடையன் ஆசைப்பட்ட காட்சி இதுதான். ஒரு நொடி அதற்கு இனிக்கவும் செய்தது. பொய் சொல்வானேன்?

டாக்டரம்மா யோசித்தது. ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு போகாது, இவள் ஏதோ விஷத் தழையைத் தின்றிருக்கிறாள், அது முழுக்க வெளியே வந்தாக வேண்டும் என்று முடிவு கட்டியது. "இன்னொரு சிட்டிகை எடு" என்றது.

சடையனுக்குத்தான் கணக்குத் தெரியும். இன்னொன்று என்றால் மூன்றாவது. உள்ளே போனால் அல்லி பிழைக்காது. செங்கொண்டை தன் கழுத்தில் தொங்கிய மூங்கில் மருந்துக் குழாயைத் திறந்தது. சிட்டிகை அளந்தது. அல்லியின் வாயருகே கொண்டுபோனது.

"கொடுக்காதே!" என்று சடையன் குறுக்கே விழுந்தது. "அது விஷத் தழை இல்லம்மா. காலையிலயே நான் ஒரு சிட்டிகை கொடுத்துட்டேன். செங்கொண்டைகிட்ட சொல்லலை."

டாக்டரம்மா அதை உற்றுப் பார்த்தது. "மறந்துட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயசாகிவிட்டது, வேலை அதிகம் என்று எல்லோரும் தட்டிக்கொடுத்து விட்டுவிடுவார்கள். சடையனின் நாக்கு நுனி வரை அது வந்தது. அல்லியின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"மறக்கலம்மா. இவ அவமானப்படணும்னுதான் சொல்லலை."

திட்டுவதற்கு அங்கே யாருக்கும் நேரம் இல்லை. பேதியைக் கட்டக் காட்டு எலுமிச்சை வேண்டும் என்றது டாக்டரம்மா. சடையன் முள்ளில் பாய்ந்து பழங்களை உதிர்த்துக்கொண்டு ஓடிவந்தது. செங்கொண்டை ஒவ்வொரு பழத்திலும் அலகால் துளை போட்டது. டாக்டரம்மா தும்பிக்கையால் பிழிந்து சொட்டுச் சொட்டாக அல்லியின் வாயில் விட்டது. கலைமான் ஆற்றுக்கும் மரத்துக்குமாக ஓடி இலையில் தண்ணீர் கொண்டுவந்தது. வெயில் சாயும்வரை யாரும் உட்காரவில்லை. கடைசியில் வயிறு போவது நின்றது. நாடி மெல்லத் திரும்பியது.

அப்போதுதான் செங்கொண்டை சடையனிடம் பேசியது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே. என்னைத் திட்டணும்னா நேராவே திட்டியிருக்கலாமே." சடையன் குனிந்து பிழிந்த எலுமிச்சைத் தோல்களைப் பொறுக்கத் தொடங்கியது.

அல்லி கண் விழித்தது. முன்னால் நின்ற சடையனைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது. முன்னங்காலை நீட்டிச் சடையனின் கையைத் தொட்டது. "காலையில முதல் மருந்து கொடுத்தது நீங்கதானே அண்ணே? உங்க கைராசிதான் என்னைக் காப்பாத்திச்சு."

இப்படி ஒரு சொல்லைக் கேட்கத்தானே சடையன் இத்தனை நாளாகத் தவித்தது! அது டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தது. "அவகிட்டயும் நீதான் சொல்லணும்" என்றது டாக்டரம்மா.

சடையன் சொன்னது. ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சொன்னது. அல்லி கேட்டுக்கொண்டே இருந்தது. திட்டவில்லை, அழவும் இல்லை. சடையனின் கையில் வைத்திருந்த காலை மெல்ல எடுத்து மடக்கிக்கொண்டது. கலைமான் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

சடையன் தன் கழுத்திலிருந்த மருந்துக் குழாயைக் கழற்றி டாக்டரம்மாவின் காலடியில் வைத்தது. அடுத்த மழைக்காலம் வரை நீ மருந்தைத் தொடக் கூடாது, நோயாளிகளுக்குத் தண்ணீர் மட்டும் கொண்டுவா, கடைசியில் உண்மையைச் சொன்னதால்தான் இந்த மரத்தடியிலாவது உனக்கு இடம் என்றது டாக்டரம்மா. சடையன் தலையை ஆட்டிவிட்டு ஆற்றுக்குப் போனது. அன்றைக்குச் சாயங்காலம் அது கொண்டுவந்த முதல் தண்ணீரை அல்லி குடிக்கவில்லை.

ஓர் உயிரைக் காக்கச் சேர்ந்து நிற்பவர்கள் பொறாமையால் ஒருவரை ஒருவர் தள்ளிவிட நினைத்தால், முதலில் விழுவது அவர்களை நம்பி வந்த உயிர்தான்.