கூத்து ராஜா போட்ட உத்தரவு

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஏரிநாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் செங்கதிர்ராயர். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த ஆசை எப்போது பிடிக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒரு வருஷம் மயில் வளர்த்தார். அடுத்த வருஷம் மாம்பழத்தைப் பற்றிக் கவிதை எழுதி எல்லோரையும் வதைத்தார். மாறாத ஆசை ஒன்றே ஒன்று, வேம்புலியின் கூத்து.

வேம்புலி ராஜா வேஷத்தில் கிரீடம் கட்டி வந்தால் ஜனங்கள் கற்பூரம் ஏற்றுவார்கள். கிரீடத்தை இறக்கும்வரை அவரை 'மகாராஜா' என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜ ராஜாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். வேம்புலிக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

அந்த வருஷம் ராஜாவுக்குப் படகு ஆசை. ஏரி தளும்பி நின்றால்தான் படகு விழா அழகு என்று விருதகிரி ராயர் என்ற சபைப் பிரபு சொல்ல, மடையை மூடிவிட்டார்கள். கீழே சம்பாப் பயிர் கருகியது. குடியானவர்கள் முறையிட வந்தபோது விருதகிரி ராயரே அரண்மனை வாசலில் நின்று விரட்டினார். ராஜாவுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் கூத்து நடந்தது. திரை விலகியதும் வழக்கம்போல வேம்புலி, "மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா?" என்று கேட்டார். 'பெய்கிறது மகாராஜா' என்று பதில் வரவேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த குடியானவர்களின் முகங்களைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பெய்து என்ன? மடையைத் திறக்கச் சொல்!"

மடைக்காவல் சடையன் எழுந்து, "உத்தரவு மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டுக் கடப்பாரையோடு கிளம்பிவிட்டான். ஊரே அவன் பின்னால் ஓடியது. கூத்தைப் பார்க்க ஒரு நாய்தான் மிச்சம்.

மறுநாள் வயலெல்லாம் ஈரம். ராஜாவின் புதுப் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. கடைத்தெருவில் ஒரே வாக்குவாதம். கூத்தாடிக்கு ஏன் ஊர் வம்பு என்று பாதிப் பேர், அவர் பேசாமல் வேறு யார் பேசுவது என்று மீதிப் பேர்.

வேம்புலியைச் சபைக்கு அழைத்து வந்தார்கள். விருதகிரி ராயர் துள்ளினார். இன்றைக்கு மடையைத் திறக்கச் சொன்னவன் நாளைக்குக் கோட்டைக் கதவைத் திறக்கச் சொல்வான், ஜனங்கள் இவனைத்தான் ராஜா என்று நினைக்கிறார்கள் என்றார். செங்கதிர்ராயருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இனி வேம்புலி கிரீடம் கட்டக்கூடாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் வேம்புலியின் முகத்தைப் பார்க்கவில்லை. வேம்புலிக்குத் தண்டனையைவிட அதுதான் வலித்தது.

மந்திரி ஆலாலசுந்தரம் மெல்ல எழுந்தார். ராயர் சொல்வது சரியா என்று சோதித்துவிடலாமே, வேம்புலி கிரீடத்தோடு ஏரிக்கரையில் நின்று மடையை மூடச் சொல்லட்டும், ஜனங்கள் மூடினால் இவர் போட்டி ராஜாதான், நாடு கடத்துங்கள் என்றார். ராயர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

கரையில் ஊர் கூடியது. வேம்புலி கிரீடத்தோடு முன்னே வந்தார். தன் சொல்லைத் தட்டாத ஜனங்கள் இவர்கள். இன்று ஒருநாள் தட்டிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே, முழுக் குரலில், "மடையை மூடு!" என்றார்.

மரத்துக் காக்கைகள் பறந்தன. மனிதர்கள் அசையவில்லை.

ஏன் நிற்கிறாய் என்று ராஜா சடையனைக் கேட்டார்.

"இது கூத்துங்க, மகாராஜா."

"அன்றைக்கும் கூத்துதானே?"

"கூத்துதானுங்க. ஆனா நாங்க அரமண வாசல்ல வந்து சொல்ல நெனச்சத அவரு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எங்க காலு நிக்கலீங்க."

"வாசலுக்கு வந்தீர்களா?"

சடையன் ராயரைப் பார்த்தான். "வந்தோமுங்க. ராஜா தூங்குறாருன்னு சொல்லிட்டாங்க."

ராயர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். மந்திரி மட்டும் பணிவாகச் சொன்னார்: "தாங்கள் சொன்னால் மூடிவிடுவார்கள் மகாராஜா. சொல்லிப் பாருங்களேன்."

ராஜா வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். சொல்ல வாய் வரவில்லை. வேம்புலியிடம் போய், "என்னிடமே சொல்லியிருக்கலாமே அப்பா" என்றார்.

"தங்களை நான் பார்ப்பது கூத்தில்தான் மகாராஜா. அன்றைக்கும் தேடினேன். தங்கள் இடம் காலியாக இருந்தது."

அன்று ராஜா படகுக்கு வர்ணம் பார்க்கப் போயிருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேம்புலியின் கிரீடக் கயிறு தளர்ந்திருந்ததைத் தம் கையாலேயே இறுக்கிக் கட்டினார். ராயருக்குத் தண்டனை, அடுத்த கூத்தில் திரை பிடிக்கவேண்டும்.

அந்த நாளும் வந்தது. திரையின் ஒரு முனையை ராயர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிடித்தார். வேம்புலி வழக்கம்போல, "நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா?" என்று கேட்டார்.

"பெய்யவில்லை. ஆனால் மடை திறந்திருக்கிறது" என்று பதில் வந்தது.

மந்திரி வேஷக்காரர் வாயே திறக்கவில்லையே என்று வேம்புலி திரும்பினார். திரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு செங்கதிர்ராயர் நின்றிருந்தார்.