கும்மட்டத்துப் புறா உம் கொட்டுவது ஏன்?

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், புறாவைப் போல வாயாடி வேறொன்று கிடையாது. இன்றைக்கு அதைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். கிளி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் புறா இருபது பேசிவிடும். ஒரு கேள்வி காதில் விழுந்தால் போதும், பதில் தெரிகிறதோ இல்லையோ, அதற்கு நாக்கு அரிக்கத் தொடங்கிவிடும்.

அப்போது தோணிப்பட்டினம் என்ற கடற்கரை ஊரில் ஒரு ஆலிம்சா இருந்தார். மார்க்கக் கல்வியில் அவருக்கு நிகர் அந்தக் கரையிலேயே இல்லை என்று பேர். ஏழு நாள் நடந்துகூட அவரிடம் சந்தேகம் கேட்க ஆட்கள் வருவார்கள். நம் புறா அவர் வீட்டு உத்தரத்தில்தான் குடியிருந்தது. காலைத் தொழுகை முடிந்து வந்ததும் அவர் முற்றத்தில் ஒரு பிடி நொய்யரிசி போடுவார். அதைத் தின்றுவிட்டு, வந்தவர்கள் கேட்பதையும் அவர் சொல்வதையும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

புறாவுக்கு ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. பத்துக் கேள்வி வந்தால் ஆலிம்சா ஆறுக்கு, "எனக்குத் தெரியாது. அல்லா அறிவான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இவ்வளவு கிதாபு படித்த மனுஷர் இப்படிச் சொல்கிறாரே என்று அதற்கு மானம் போகும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டது. பாவம், அந்த ஆள் காலெல்லாம் கொப்புளத்தோடு வந்தான், ஆறுதலுக்காவது ஏதாவது சொல்லி அனுப்பக் கூடாதா என்றது.

ஆலிம்சா சிரித்தார். "தெரியாததைச் சொன்னா அவரு அதை நம்பி ஊருக்குப் போயிருவாரு. பின்னாலேயே நான் போயிக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார்.

புறா தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. சமாளிக்கிறார் என்றுதான் அது நினைத்தது.

காலம் வந்ததும் ஆலிம்சா மவுத்தாகி மண்ணுக்குள் போனார். போவதற்கு முன்னால் ஊராரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். என் கபுருக்கு வந்தால் சலாம் சொல்லுங்கள், எனக்காகத் துஆச் செய்யுங்கள், உங்கள் தேவையை அல்லாவிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள் என்பதுதான் அது. ஊரார் கண்ணீரோடு தலையாட்டினார்கள். அவரை அடக்கிய கபுரின் மேல், கவிழ்த்த கிண்ணம்போல வெள்ளைக் கும்மட்டம் ஒன்று எழும்பியது. கபுரைப் பார்க்க ஜியாரத்துக்கு வந்தவர்கள் சலாம் சொன்னார்கள், துஆவும் செய்தார்கள், பிறகு தங்கள் தேவையை அவரிடமே கேட்டார்கள். மனுஷர்கள் அப்படித்தான்.

புறா அந்தக் கும்மட்டத்தின் உள்மாடத்துக்குக் குடி மாறியிருந்தது. ஆலிம்சா இல்லாத வீட்டில் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் ஒரு கிழவர் வந்து, காணாமல் போன தன் ஆடு எங்கே என்று கபுரைப் பார்த்து அழுதார். அந்த ஆட்டைக் காலையில்தான் உப்பளத்துப் பக்கம் புறா பார்த்திருந்தது. "உப்பளத்தில் மேயுது" என்று மாடத்திலிருந்தபடியே சொல்லிவிட்டது. கும்மட்டத்துக்குள் அந்தக் குரல் சுற்றிச் சுழன்று, கனத்து, கபுருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கிழவர் விழுந்தடித்து ஓடினார். ஆடு உப்பளத்தில்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் மறுநாள் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். புறாவும் பறந்து பறந்து நாலு இடம் பார்த்துவந்து, தெரிந்தவரை சொன்னது. தெரியாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னது. அழுதுகொண்டு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். ஆலிம்சா செய்யாததைத் தான் செய்வதாக அதற்கு உள்ளூரப் பெருமை.

அந்த ஊரில் செய்னம்பு என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் காசீமும் அவளுடைய ஒரே தம்பி இத்ரீசும் சங்கு குளிக்கிறவர்கள். ஒருநாள் விடியலில் இருவரும் ஒரே தோணியில் போனார்கள். உச்சிக்குள் திரும்ப வேண்டியவர்கள் திரும்பவில்லை. மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பிக் கடலைக் கலக்கிக்கொண்டிருந்தது.

தண்டல் உதுமான், அந்தக் கரையில் தோணிக்காரர்களுக்கெல்லாம் தலைவர். பத்து ஆட்களோடு தேடிப் போகத் தயாராக நின்றார். ஆனால் அந்தக் காற்றில் வெளியே போவது சுலபம், திரும்பி வருவது உறுதியில்லை. அந்தப் பத்துப் பேருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. "நீ சொல்லு, புள்ளே. போகச் சொன்னா போறோம்" என்று முடிவை அவளிடமே விட்டுவிட்டார்.

பத்துப் பேர் உயிரைப் பணயம் வைக்கும் முடிவைத் தன் வாயால் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேரே கும்மட்டத்துக்கு ஓடிவந்தாள். மதியம் லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். கபுரின் கால்மாட்டில் நின்று, "ஆலிம்சா அப்பா, அவங்க ரெண்டு பேரும் வருவாஹளா? இந்தப் பத்துப் பேரையும் அனுப்பட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

புறா அன்று கடல் பக்கமே போகவில்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தோடு அவளை வெறுமனே அனுப்ப அதற்கு மனம் வரவில்லை.

"பயப்படாதே மகளே. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் ரெண்டு பேரும் வீடு வந்து சேருவாங்க. யாரையும் அனுப்ப வேண்டாம்" என்றது.

செய்னம்பு அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கரைக்குப் போய்ச் சொன்னாள். தண்டல் தோணியை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு, ஆலிம்சாவுக்காக ஒரு பாத்திஹா ஓதினார். அவள் வீட்டுக்குப் போய் மூன்று பேருக்கு உலை வைத்தாள்.

அஸருக்கு ஒரு நாழிகை இருக்கும்போது கடலிலிருந்து ஒரு ஆலாப் பறவை வந்து கும்மட்டத்தின் மேல் விழாத குறையாக உட்கார்ந்தது. வழியில் பார்த்ததைச் சொன்னது. கிழக்கே பாறைத் திட்டுக்கு அப்பால் ஒரு தோணி கவிழ்ந்து கிடக்கிறது, அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தொங்குகிறார்கள், ஒருவன் கை தளர்ந்துவிட்டது என்றது.

கேட்டதும் புறா கரைக்குப் பறந்து தண்டலிடம் சொன்னது. தண்டல் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆலிம்சா அப்பாவே வந்துருவாஹன்னு சொல்லிட்டாஹ. நீ என்ன, அவங்களுக்கு மேலயா?"

"சொன்னது அவரில்லை, நான்தான்."

அதைக் கேட்டதும் தோணிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். பெரியவர் மேல் பழி போடுகிறது என்று ஒருவன் மணலை வாரி எறிந்தான். புறா செய்னம்புவின் அடுப்படிக்குப் பறந்தது. அவளும் நம்பவில்லை. ஆனால் மதியம் விட்டுப்போன பயம் திரும்பி வந்தது. "வந்து காதால கேளு. பொய்யின்னா என் கழுத்தைத் திருகிடு" என்று புறா கெஞ்சவும், கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்தாள்.

புறா மாடத்துக்குள் போய் உட்கார்ந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாத சொல்லை இப்போது சொல்ல வேண்டும்.

"செய்னம்பு, உன் மாப்பிள்ளை வருவாரா, தம்பி வருவானா, எனக்குத் தெரியாது" என்றது. மதியம் கேட்ட அதே குரல் கபுருக்குள்ளிருந்து வருவதுபோல் எழுந்தது. அவள் கபுரைப் பார்த்தாள். "மேலே பாரு. எனக்குத் தெரியாது. மதியமும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே புறா மாடத்திலிருந்து கழுத்தை நீட்டியது.

செய்னம்பு அதைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. அவள் கரையை நோக்கி ஓடியதைப் பார்த்தே தண்டல் தோணியைத் தள்ளச் சொல்லிவிட்டார்.

பத்துப் பேரும் திரும்பிவந்தார்கள். காசீமும் வந்தான். இத்ரீசைக் கொண்டுவந்தார்கள். "அஸர் வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். அப்புறம் முடியலை" என்று காசீம் சொன்னான். லுஹருக்கே தோணி கிளம்பியிருந்தால் இரண்டு பேருமே நடந்து வீட்டுக்குள் வந்திருப்பார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேருக்கு வைத்த உலை அடிபிடித்துக் கரியாகியிருந்தது.

புறா மாடத்தைவிட்டு இறங்கவில்லை, எதையும் தின்னவில்லை. ஆலிம்சா அன்று சமாளிக்கவில்லை என்பது இப்போது புரிந்தது. புரிந்து என்ன ஆகப்போகிறது.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்ததும் செய்னம்பு ஜியாரத்துக்கு வந்தாள். சலாம் சொன்னாள், துஆச் செய்தாள். பிறகு மேலே பார்த்தாள். கழுத்தைத் திருகத்தான் வந்திருக்கிறாள் என்று புறா இறங்கிவந்து அவள் முன்னால் நின்றது.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்றாள் அவள். "ஆனா இந்த ஊர்ல யார்கிட்டயும் எனக்கு அழ முடியலை. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாஹ. நீ ஒண்ணும் சொல்லாதே. நான் சொல்றதைக் கேளு, போதும்."

உட்கார்ந்து தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவன் நடக்கப் பழகியது, மீன் முள்ளுக்குப் பயந்தது, முதல் சங்கை அவள் கையில் கொண்டுவந்து வைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். புறாவுக்கு இடையிடையே ஆறுதல் வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன. ஒவ்வொன்றையும் விழுங்கியது. விழுங்க விழுங்கக் கழுத்து உப்பியது. "ம்... ம்..." என்று உம் மட்டும் கொட்டியது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தலையை முன்னும் பின்னும் ஆட்டியது.

சொல்லி முடித்து எழுந்தபோது அவள் முகம் கொஞ்சம் லேசாகியிருந்தது. சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்த நொய்யரிசியை அவிழ்த்துத் தரையில் போட்டாள். "ஆலிம்சா அப்பா உன்னைப் பட்டினி போட்டதில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புறா அதற்குப் பிறகு பேசவே இல்லை. அதன் குஞ்சுகளுக்கும் அந்த ஒரு சத்தத்தைத்தான் கற்றுக்கொடுத்தது. கும்மட்டங்களில் புறா குடியிருப்பதும், ஜியாரத்துக்கு வருகிறவர்கள் அதற்கு ஒரு பிடி தானியம் இறைத்துவிட்டுப் போவதும் அந்த நாளில் தொடங்கியவைதான். எவ்வளவு பெரிய துக்கத்தைச் சொன்னாலும் அது கழுத்தை உப்பிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்ளும். போனவர் வருவாரா என்று கேட்டால் மட்டும், அன்றிலிருந்து இன்றுவரை, அது யாருக்கும் பதில் சொன்னதில்லை.