பிடித்தால் தடம் விழும்

பிச்சைக்குப் போய்த் திரும்பிய தாணுலிங்கம் திருவோட்டைக் குருவின் முன்னால் வைத்தார்.

"கொஞ்ச நாளாகச் சோறு குறைகிறதே," என்றார் குரு.

"ஏழு வீடு ஆறாகிவிட்டது ஐயா. சுடலையாண்டி வீட்டில் நான் நிற்பதில்லை."

"ஏன்?"

தாணுலிங்கம் துறவுக்கு வருமுன் ஊர் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர். இதையும் அப்படியே வரிசையாகச் சொன்னார். ஆற்றங்கரைத் தெருவில் பாய் முடைகிற சுடலையாண்டிக்கும் பேச்சியம்மாளுக்கும் ஒரே மகள், வள்ளிமயில். பதின்மூன்று வயது. அப்பாவும் அம்மாவும் தன்னைக் கட்டிப்போட்டு அடிப்பதாக அவள் தெருவில் நின்று சொன்னாள். இரண்டு கைகளிலும் காயம் இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு யாரும் கோரை விற்பதில்லை. அடுப்புக்கு நெருப்பும் கொடுப்பதில்லை.

"உண்மை தெரியும்வரை நடுவில் இருக்கலாம் என்று நினைத்தேன் ஐயா."

"நடு என்றால் எந்த இடம்?"

"தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்துவிடுவேன்."

குரு சிரிக்கவில்லை. "பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கியது சரி. உள்ளே போய்ப் பார்த்தாயா?"

"இல்லை. ஆனால் இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. அத்தை சுப்புத்தாய் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தாள். நேற்று, அத்தை தன் கையைக் கடித்துக் குதறிவிட்டதாகப் பிள்ளை அதே தெருவில் நின்று சொன்னாள். அந்த நேரத்தில் அத்தை ஆற்றில் கோரை அலசிக்கொண்டிருந்தாள். கூடப் பத்துப் பேர் இருந்தார்கள். பிள்ளை தன் கையைத் தானே கடித்ததை அடுத்த வீட்டுக்காரி வேலி வழியாகப் பார்த்திருக்கிறாள். முதல் காயமும் அப்படி வந்ததுதான். நேற்றுச் சாயங்காலமே அத்தை வீட்டார் பிள்ளையைக் கொண்டுவந்து, பெற்றவர்களின் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்."

"பெற்றவர்களிடம் என்ன சொன்னார்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை ஐயா."

"நீ?"

"நாளைமுதல் அங்கேயும் நிற்கலாம் என்று இருக்கிறேன்."

"நானும் வருகிறேன்," என்றார் குரு.

மறுநாள் காலை இருவரும் ஆற்றங்கரைத் தெருவுக்குள் நுழைந்தார்கள். சுடலையாண்டியின் எதிர்வீட்டுக்காரன் கோரையைப் பிரித்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தான்.

"பெரிய சாமியே வந்தாச்சு," என்றான் மனைவியிடம். "இனி அந்த வீட்டுல அடிச் சத்தம் கேக்காது. மந்திரச் சத்தந்தான்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பேச்சியம்மாள் வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள். குருவைக் கும்பிட்டாள். பிறகு தாணுலிங்கத்தைப் பார்த்தாள்.

"வழி தவறிட்டீங்களா சாமி? உங்க வழி எதிர்ப்பக்கம்லா."

தாணுலிங்கம் திருவோட்டை நீட்டினார்.

"தெனமும் சோத்தக் கையில வச்சிக்கிட்டு இந்தப் படியில நின்னேன். நீங்க குடையச் சாய்ச்சுக்கிட்டுப் போனீங்க. இன்னைக்கு உலையே வைக்கல. போயிட்டு வாங்க."

உள்ளே எதுவோ சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

வள்ளிமயில் மூலையில் உட்கார்ந்து முன்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாவாடையில் ரத்தம் சொட்டியிருந்தது. நடுநடுவே தலையைப் பின்னால் சுவரில் இடித்துக்கொண்டாள். நான்கடி தள்ளி சுடலையாண்டி நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தார்.

"பிடியுங்கள் அவளை," என்றார் தாணுலிங்கம். "ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்?"

"பிடிச்சா தடம் விழும் சாமி. யாரு தடம்னு கேப்பாங்க."

"ரெண்டு வருசமா இப்படித்தான்," என்றாள் பேச்சியம்மாள். "முன்னெல்லாம் நான் மடியில போட்டுப் போர்வையச் சுத்திக்கிடுவேன். இவுக கையப் பிடிச்சிக்கிடுவாக. கொஞ்ச நேரம் அழுவா, தூங்கிருவா. அதத்தான் கட்டிப்போட்டு அடிக்காங்கன்னு சொன்னா. இப்போ பாத்துக்கிட்டு நிக்கோம்."

"நேத்து ராத்திரி தலை ஒடஞ்சிரும்னு தலையாணியச் சுவர்ல வச்சேன்," என்றார் சுடலையாண்டி. "தலையாணி வச்சி அமுக்குனேன்னு சொல்லிட்டா என்ன செய்யன்னு திரும்ப எடுத்துட்டேன்."

குரு வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரனையும் அவன் மனைவியையும் அழைத்தார்.

"இங்கே வாருங்கள். பெற்றவர்கள் பிள்ளையைப் பிடிக்கப் போகிறார்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள்."

"கோரை காயணும் சாமி," என்றான் அவன். அவன் மனைவி அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். தெருவில் இன்னும் இரண்டு கதவுகள் மூடிக்கொண்டன.

குரு திரும்பி வந்து, பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பிடி தாயே. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

பேச்சியம்மாள் போர்வையை எடுத்தாள். பிள்ளையை மடியில் இழுத்துச் சுற்றினாள். சுடலையாண்டி பிள்ளையின் கைகளைப் பிடித்தார்.

"கொல்லுதாங்க சாமி," என்று கத்தினாள் வள்ளிமயில். "பாருங்க, கொல்லுதாங்க."

"பார்க்கிறேன் அம்மா. உன்னை விட்டுவிட்டு நான் எங்கும் போகமாட்டேன்."

அவள் குருவைத் திட்டினாள். அப்பாவின் முகத்தில் துப்பினாள். அவர் துடைக்கவில்லை, துடைக்க ஒரு கையை விடவேண்டும். வெகுநேரம் கழித்து அழுகை தேய்ந்து, அவள் தாயின் மடியிலேயே தூங்கிப்போனாள்.

சுடலையாண்டி கையை எடுத்தார். பிள்ளையின் மணிக்கட்டில் நான்கு விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"சாமி, இது என் தடம்," என்றார்.

"பார்த்தேன்," என்றார் குரு.

திரும்பும் வழியில் ஆற்றங்கரைக்கு வந்ததும் தாணுலிங்கம் கேட்டார்.

"ஐயா, அந்தப் பிள்ளை சொன்னது பொய் என்று கோயில் முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? உங்கள் சொல்லை ஊர் நம்பும்."

"நம்பும். பெற்றவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைமேல் கல் எறியும். அதையும் அந்த இரண்டு பேர்தான் முதுகில் வாங்குவார்கள்."

"அப்படியானால் நான் செய்யக்கூடியது என்ன?"

"நாளைக்கும் பிள்ளை கடிப்பாள். அவர்கள் பிடிக்கும்போது பக்கத்தில் உட்கார்."

"எத்தனை நாள்?"

"பிடிக்க அவர்களுக்குப் பயம் போகிறவரை."

தாணுலிங்கம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறியிருந்தது.

"தினமும் போய் உட்கார்ந்தால், அந்த அம்மாள் என்னை மன்னிப்பார்களா ஐயா?"

"மன்னிக்கமாட்டார்கள்," என்றார் குரு. "விடியும் முன்பே போய்விடு. பிள்ளை சீக்கிரம் எழுந்துவிடும்."